லிஃப்ட்காரன் வேஷம்

அந்த வீட்டில் அண்ணன்தான் மூத்தவர். ஆனால் பேச்சு என்னவோ தம்பிக்குத்தான் முந்திக்கொண்டு வந்தது.

அண்ணனுக்குத் திக்குவாய். லேசான திக்கல் இல்லை. ஒரு சொல்லின் முதல் எழுத்து, கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட சட்டை நுனி மாதிரி அவரைப் பிடித்து நிறுத்திவிடும். இழுத்தாலும் வராது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. தாடை நடுங்கும், கழுத்து நரம்பு புடைக்கும். பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்குத்தான் மூச்சு முட்டும்.

மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் கடைக்கு மேலே அவர்களுக்கு இரண்டு அறை. அப்பாவுக்கு அச்சகத்தில் ஷிப்ட் வேலை. அம்மா வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். தைக்கும்போது எதையாவது முனகிக்கொண்டே இருப்பது அவள் வழக்கம். பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான்களைப் பிரித்துப் போடும் அண்ணனும் கூடப் பாடுவார். ஒருநாள் அம்மாவின் ஊசி பாதி வழியில் நின்றது. பாடும்போது பிள்ளைக்கு ஒரு எழுத்துகூடச் சிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உனக்கு என்ன வேணுமோ அதைப் பாடியே கேளுடா," என்றாள்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். பிறகு அதே மெட்டில், அப்பாவுக்கு எடுத்துவைத்திருக்கும் முட்டையைத் தனக்குத் தர முடியுமா என்று தங்குதடையில்லாமல் பாடினார். அம்மா முட்டையைக் கொடுத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள். அன்றைக்கு ஒரு சட்டையில் பொத்தான்கள் எல்லாம் கோணலாக விழுந்தன.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாதிப் பேச்சு பாட்டாகிவிட்டது. துண்டு எங்கே, கதவைச் சாத்து, பக்கத்து வீட்டுப் பூனை வந்துவிட்டது என்று எல்லாவற்றுக்கும் ஒரு மெட்டு உண்டு. தம்பிக்குத் திக்கல் கிடையாது. இருந்தாலும் அண்ணன் பாடினால் அவன் பாட்டிலேயே பதில் சொல்வான். ஷிப்ட் முடிந்து வரும் அப்பாகூட, சுருதி என்பது எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத குரலில், "தூங்க விடுங்களேன்" என்று இழுப்பார். அதற்கு மட்டும் மற்ற மூவரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

வாசற்படி தாண்டினால் பாட்டு கிடையாது. அது அம்மா போட்ட சட்டம். "வெளியில பாடிப் பேசினா ஒரு மாதிரி பார்ப்பாங்க. இது நமக்குள்ள இருக்கட்டும்," என்பாள். வெளியில் அண்ணனுக்கு வாய் தம்பிதான். கடையில் அண்ணன் ஒரு எழுத்தில் நின்றுவிட்டால், கடைக்காரர் முகம் மாறுவதற்குள் தம்பி அந்தச் சொல்லை முடித்துவைப்பான். எந்தச் சொல் வரப்போகிறது என்பது அண்ணனின் உதட்டைப் பார்த்தாலே அவனுக்குத் தெரிந்துவிடும். பிற்காலத்தில், தன் தொழிலை எங்கே கற்றுக்கொண்டோம் என்று யோசிக்கும்போதெல்லாம் அவனுக்கு அந்த உதடுதான் ஞாபகம் வரும். உடனே வேறு எதையாவது யோசிக்கப் பார்ப்பான்.

தம்பிக்கு நல்ல குரல். பள்ளி முடித்ததும் ஒரு பெயின்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். சாயங்காலங்களில் ஓர் இசை நாடகக் குழுவில் கோரஸ் பாடினான். அந்த ஊரில் பாட்டும் ஆட்டமுமாக முழுநீள நாடகம் போடும் குழு அது ஒன்றுதான். அப்பா ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. அண்ணன்தான் வீட்டுக்குள் பாடிப் பாடியே அப்பாவின் மனதைக் கரைத்தார். "ஒருத்தன் வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சு, இவன் வாயையாவது திறந்து விடுங்க" என்று அவர் பாடியதும் அப்பா தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

கோரஸ் என்றால் பின்வரிசை. அவன் போலீஸ்காரனாக நின்றான், மரமாக நின்றான், ஒரு நாடகத்தில் நீலத்துணியைப் பிடித்துக்கொண்டு கடலலையாகப் படுத்துக் கிடந்தான். அவனுக்குக் கல்யாணமும் ஆயிற்று, பெயின்ட் கடையில் ஒரு பிரிவையே நடத்தக் கொடுத்துவிட்டார்கள். மேடையில் மட்டும் ஒரு வரி வசனம்கூடக் கிடைக்கவில்லை. இதற்குள் அண்ணன் தேர்வெழுதி ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டருக்குப் போய்விட்டார். கல்யாணமாகி, ஒரு மகளும் பிறந்தாயிற்று. கவுன்ட்டரில் பேச்சு கம்மி. போகிற ஊரை அவர்கள் சொல்வார்கள், டிக்கெட்டை இவர் நீட்டுவார். எப்போதாவது சொல் சிக்கினால், கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்கள் மைக்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். இதை அண்ணன் வீட்டில் பாட்டாகவே பாடிக் காட்டுவார். அண்ணி சிரித்துச் சிரித்துப் புரையேறுவாள்.

தம்பிக்கு நாற்பது நெருங்கும்போது அந்த லிஃப்ட்காரன் வேஷம் வந்தது.

ஒரு பெரிய ஹோட்டலில் நடக்கும் கதை. லிஃப்ட் இயக்குபவனுக்கு இரண்டே வரி: எந்த மாடி என்று கேட்க வேண்டும், மாடி வந்ததும் சொல்ல வேண்டும். ஒத்திகையில் அந்தக் காட்சி சவசவ என்று இழுத்தது. குழுவை நடத்தும் டைரக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "யாராவது எதையாவது பண்ணுங்கப்பா, எனக்கே தூக்கம் வருது," என்றார்.

அடுத்த தடவை லிஃப்ட்டின் கதவை இழுத்துச் சாத்திய தம்பி, "மூ... மூ... மூ..." என்றான். தாடை நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. அவன் "மூணாவது மாடி" என்று முடிப்பதற்குள் லிஃப்ட் ஐந்தாவது மாடிக்குப் போய்விட்டது.

யோசித்துச் செய்தது இல்லை. வாய் தானாகச் செய்தது. ஒத்திகை அறையே குலுங்கியது. பியானோ வாசிப்பவர் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் ஒரு அறை முழுக்கத் தன்னைப் பார்த்து, தனக்காகச் சிரிப்பது அவனுக்கு அதுதான் முதல் முறை. பசித்தவனுக்குச் சோறு கிடைத்த மாதிரி இருந்தது. அந்தப் பசியில் அவன் இன்னொன்றும் சொன்னான்.

"மேடம், திக்குறவங்க பாடினா திக்காது. இவன் காதலைச் சொல்ல முடியாம தவிச்சு, கடைசில பாடிச் சொல்லிடட்டும்."

டைரக்டரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இது உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கேயோ கேள்விப்பட்டேன்," என்றான் தம்பி.

அந்த இரண்டு சொற்களும் எவ்வளவு சுலபமாக வந்தன என்பதை நினைத்து அவன் பின்னால் எத்தனையோ தடவை குன்றிப்போயிருக்கிறான். அண்ணனுக்காக ஆயிரம் சொற்களை முடித்துவைத்த வாய்தான் அதுவும்.

இரண்டு வரி வேஷம் நாடகத்தின் உயிராகிவிட்டது. ஹோட்டலில் துணி வெளுக்கும் பெண்ணை லிஃப்ட்காரன் காதலிக்கிறான். ஒவ்வொரு தடவையும் சொல்ல வாயெடுத்துச் சிக்கிக்கொள்கிறான், அவள் இறங்கிப் போய்விடுகிறாள். கடைசியில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோக, இருட்டில் அவன் பாடுகிறான். அதுவரை விழுந்து விழுந்து சிரித்த கூட்டம் அந்தப் பாட்டுக்கு மூக்கை உறிஞ்சும். திரை விழுந்ததும் எழுந்து நின்று கை தட்டும். தம்பி பெயின்ட் கடை வேலையை விட்டான். தெருவில் போனால், "லிஃப்ட்டு, மேலயா கீழயா?" என்று கூப்பிட்டார்கள். சுவரெல்லாம் அவன் முகம்.

அண்ணன் வீட்டுக்குப் போனால் மட்டும் நாடகத்தைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டான். என்ன வேஷம் என்று அண்ணன் பாட்டில் கேட்டபோது, "சின்ன வேஷம்தான், லிஃப்ட் ஓட்டுறவன்," என்று பேச்சில் பதில் சொன்னான். டிக்கெட் கேட்டபோது, "எல்லாம் வித்துப்போச்சுண்ணா, அடுத்த மாசம் பார்க்கலாம்," என்றான். அடுத்த மாதமும் அதையே சொன்னான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவன் நெஞ்சு குறுகுறுக்க, வாய் பொய் சொல்லவும் கற்றுக்கொண்டது.

அண்ணன் தானே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, அண்ணியோடும் மகளோடும் வந்துவிட்டார். தம்பிக்குத் தெரியாது. நாடகம் முடிந்து பின்வாசல் வழியாக வெளியே வந்தபோது, கையெழுத்து வாங்க நின்ற கூட்டத்துக்கு அப்பால் மூன்று பேரும் நிற்பதைப் பார்த்தான். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அவனைப் பார்த்தாள், ஆனால் சித்தப்பா என்று ஓடிவரவில்லை.

அண்ணன் பக்கத்தில் வந்து அவன் தோளில் கை வைத்தார். "ந... ந... நல்லாப் பாடின," என்றார்.

சுற்றி நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அண்ணன் வேண்டுமென்றே லிஃப்ட்காரனைப் போலப் பேசிக் காட்டுகிறார் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. தம்பி அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவர் என் அண்ணன் என்றாவது சொல்லியிருக்கலாம். அவன் கையில் யாரோ கொடுத்த பேனா இருந்தது. கையெழுத்துப் போட்டான்.

இது போதாதென்று வானொலியில் ஒரு பேட்டி. பேட்டி எடுத்தவர், "இப்படி ஒரு மனுஷனை எங்கிருந்து பிடிச்சீங்க?" என்று கேட்டார். 'எங்கேயோ கேள்விப்பட்டேன்' என்ற பழைய பொய் தம்பியை அதற்குள் நன்றாக அரித்துவைத்திருந்தது. இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். முழு உண்மைக்குத் துணிச்சல் வரவில்லை. பாதி உண்மையைச் சொன்னான்.

"நம்ம ரயில் நிலையத்துல டிக்கெட் கொடுக்கிற ஒருத்தர் இருக்கார். அவரைப் பார்த்துக் கத்துக்கிட்டேன். ரொம்ப நல்ல மனுஷன்."

பெயர் சொல்லவில்லையே, நல்ல மனுஷன் என்றுகூடச் சொன்னோமே என்று அன்றைக்கு அவனுக்கு மனது லேசானது. பொய் சொன்னபோதுகூட இவ்வளவு கெடுதல் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு நாடகத்தின் வேலை அவனைச் சுற்றுப்பயணம் என்று ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனது. பல மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனான். அண்ணன் கதவைத் திறந்து, தலையசைத்து, நாற்காலியைக் காட்டிவிட்டு உள்ளே போய்ச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். தம்பி வழக்கமான மெட்டில், "தண்ணி கிடைக்குமா, தாகமா வந்திருக்கேன்" என்று பாடினான். பாதியில் அண்ணனின் மகள் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டாள். அண்ணன் ஒன்றும் பேசாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

தம்பி சமையலறைக்குப் போனான். அண்ணி உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, வீடே அமைதியா இருக்கு?"

"இப்பல்லாம் இங்க யாரும் பாடுறதில்லை," என்றாள் அவள், கத்தியை நிறுத்தாமல்.

"ஏன்?"

"நீங்க ரேடியோல சொன்னதும் கவுன்ட்டருக்கு ஆள் வர ஆரம்பிச்சாங்க. டிக்கெட்டுக்கு இல்ல, பார்க்கிறதுக்கு. மூணு டிக்கெட் கொடுங்கன்னு கேட்கிறது, இவர் வாயைத் திறந்ததும் சிரிக்கிறது. அதைக்கூட அவர் தாங்கிக்கிட்டார். சின்ன வயசுலருந்து பார்த்ததுதானே. அப்புறம் ஒரு காலேஜ் கும்பல் கண்ணாடியைத் தட்டி, 'சார், பாடிச் சொல்லுங்க, பாடினா உங்களுக்கு வருமாமே'ன்னு கேட்டுச்சு. பின்னால வரிசையில நின்னவங்களும் சேர்ந்துக்கிட்டு, பாடுங்க பாடுங்கன்னு கை தட்டினாங்களாம்."

தம்பி சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்தவர் பாடலை. மறுநாளும் பாடலை. அவரா கேட்டு பார்சல் செக்‌ஷனுக்கு மாத்திக்கிட்டார். அங்க மூட்டையோடதான் பேச்சு." அண்ணி சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "சிரிப்பு வாங்கினதுக்கு நான் உங்க மேல கோபப்படலை. அது உங்க தொழில். ஆனா அந்தப் பாட்டு இந்த வீட்டோடது. அதை ஏன் வெளிய கொண்டுபோனீங்க?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் ஊர் வாயில் அதை அள்ளிப் போட்டவன் அவன்தானே.

மறுநாளே டைரக்டரம்மாவிடம் போய், வேஷத்தை விட்டுவிடுகிறேன் என்றான். காரணத்தையும் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இப்பவாவது சொன்னியே. வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு யோசி. இந்த ஒரு நாடகத்தை நம்பி இங்க எத்தனை வீட்டுல அடுப்பெரியுது? நீ போனா நான் வேற ஆளைப் போடுவேன். அவன் உங்க அண்ணனைப் பார்த்ததுகூட இல்ல. இன்னும் கேவலமாப் பண்ணுவான். அது பரவாயில்லையா?"

"திக்காம நடிக்கிறேன் மேடம். கூச்சத்துல பேச முடியாதவன் மாதிரி."

"ஒரு பகல் ஷோ பண்ணிப் பாரு."

பண்ணினான். கதவைச் சாத்தினான், தயங்கினான், எச்சில் விழுங்கினான், "மூணாவது மாடி" என்று மெதுவாகச் சொன்னான். கூட்டம் காத்திருந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, "மூ... மூ..." என்று எடுத்துக் கொடுத்தார். அதற்குத்தான் அன்றைக்குச் சிரிப்பு வந்தது. நாடகம் முழுக்க அந்தக் குரல் தொடர்ந்தது. கடைசிப் பாட்டு யாரையும் தொடவில்லை.

அடுத்த ஆட்டத்தில் அவன் திக்கினான். டைரக்டரம்மா மிரட்டவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "மூ" என்று தொடங்கியதும் முதல் சிரிப்பு அலையாக வந்து மேடையில் மோதியது. அவன் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஓடியது. மனது எவ்வளவு வெட்கப்பட்டாலும் உடம்புக்கு வெட்கம் இல்லை. இதை அவன் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. நாடகம் தொடர்ந்து பல வருஷங்கள் ஓடியது. அவனும் கூடவே ஓடினான்.

முழங்கால் வலி வந்து ஆட முடியாமல் போனபிறகுதான் வேஷம் கைமாறியது. டைரக்டரம்மா சொன்னது சரிதான். புதிதாக வந்தவர் திக்கும்போது கண்ணை உருட்டினார், எச்சில் தெறிக்கவிட்டார். சிரிப்பு இரண்டு மடங்கானது. தம்பி மற்ற நாடகங்களில் மாமனாராகவும் நீதிபதியாகவும் உட்கார்ந்துகொண்டே பாடும் வேஷங்களுக்கு மாறினான். நன்றாகவே பாடினான். ஆனால் ஊருக்கு அவன் என்றைக்கும் லிஃப்ட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் வீட்டுக்குப் போவது அவனுக்கு ஒரு தண்டனை மாதிரி ஆகிவிட்டது. தனக்குத் தானே விதித்துக்கொண்டது. பழம் வாங்கிப் போவான், குழாய் ஒழுகினால் சரிசெய்வான், அண்ணனின் மகளுடைய கல்லூரி விண்ணப்பத்துக்காக அலைந்தான். அண்ணன் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. தானாகப் பேசியதும் இல்லை. தலையசைப்பார், ஒரு சொல்லில் பதில் சொல்வார், செய்தித்தாளைப் பிரிப்பார். அந்த மௌனத்தைப் பார்க்கும்போதெல்லாம், நான்தான் இந்த மனுஷனின் வாயை அடைத்துவிட்டேன் என்று தம்பி குமைவான். பேசாத ஒரு வாழ்க்கையை, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஓர் ஊமை மனிதரை, அவன் மனதுக்குள் கட்டிவைத்திருந்தான்.

அண்ணன் ஓய்வு பெறும் நாள் வந்தது. பார்சல் பிரிவில் ஒரு சின்னப் பாராட்டு விழா. தம்பியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவன் ஒரு வாரமாகவே தயாராகிக்கொண்டிருந்தான். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, லிஃப்ட்காரன் யார், அந்தப் பாட்டு யாருடையது, தான் அதை எடுத்தது எப்படி என்று எல்லாவற்றையும் சொல்லி, அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறான். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் தழைய வேண்டும் என்பதுவரை அவனுக்குப் பாடமாகியிருந்தது.

பார்சல் கொட்டகை உயரமான தகரக் கூரையோடு இருந்தது. மூட்டைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். எடைபோடும் மேடைமேல் ஒரு மைக். தம்பி உள்ளே நுழைந்ததும், "லிஃப்ட்டு வந்துட்டார்" என்று நாலு பேர் எழுந்தார்கள்.

பெரிய மீசை வைத்த ஒருவர் வந்து கை கொடுத்தார். மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவாராம். அதனால் அவருக்கு அங்கே எடைக்கல் என்று பெயர். "உங்க அண்ணன் போயிட்டா நாங்க என்ன பண்ணப்போறோம்னு தெரியலை சார். இனிமே இங்க பொழுது போகாது," என்றார்.

"அண்ணனாலயா பொழுது போச்சு?"

"என்ன சார் இப்படிக் கேட்கிறீங்க? வாயைத் திறந்தா மூட மாட்டார். ஒரு கதை ஆரம்பிச்சார்னா லாரி ரெண்டு வந்து போயிடும், கதை முடியாது. திக்கித் திக்கித்தான் சொல்வார், ஆனா கடைசி வரியில வயிறு வலிக்கும். நேத்துகூட, செத்துப்போன கிளியைப் பார்சல்ல அனுப்பின ஒருத்தர் கதை. நீங்க கேட்டிருப்பீங்களே?"

"இல்லை," என்றான் தம்பி.

இத்தனை வருஷமாக மனதுக்குள் கட்டிவைத்து அழுதுகொண்டிருந்த அந்த ஊமை மனிதர் இங்கே இல்லை. அண்ணன் ஒரு மூலையில் மூன்று பேர் நடுவே நின்று, ஏதோ ஒரு எழுத்தில் சிக்கிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் அவசரப்படாமல் தேநீர் குடித்தபடி நின்றார்கள். சொல் வந்தது. நாலு பேரும் சிரித்தார்கள்.

தம்பி அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டான். "அண்ணா, மைக்ல நான் கொஞ்சம் பேசணும். எல்லாத்தையும் சொல்லிடப்போறேன். எல்லார் முன்னாடியும் உன்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்."

அண்ணன் மறுப்பாகத் தலையசைத்தார்.

"வே... வே... வேண்டாம்."

"இல்லண்ணா, நான் சொன்னாத்தான்..."

"இது எ... எ... என் விழா." அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "இங்க இருக்கிறவங்களுக்கு என்னை எ... எனக்காகவே தெரியும். நீ பே... பே... பேசினா, வீட்டுக்குப் போகும்போது எல்லாரும் உ... உன்னைப் பத்திப் பேசிட்டுப் போவாங்க. போ, போய் உக்காரு."

தம்பி மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தான். வாயில் பாடமாக இருந்த வார்த்தைகளைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அவர் சொன்னது நிஜம். அந்தப் பேச்சு முடிந்ததும் ஒரு நிசப்தம் விழும், பிறகு கை தட்டுவார்கள் என்றுகூட அவன் கணக்குப் போட்டிருந்தான்.

பிரிவின் மேலாளரம்மா பேசி முடித்துவிட்டு, "நம்ம கூட ஒரு பெரிய நடிகர் இருக்கார். ஒரே ஒரு தடவை அந்த மூணாவது மாடியைச் சொல்லிக் காட்டுவாரா?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். நாலைந்து பேர் கை தட்டினார்கள். தம்பி எழுந்து, "இன்னைக்கு எனக்குத் தொண்டை சரியில்லைங்க," என்று சொல்லி உட்கார்ந்தான். முகம் காதுவரை சுட்டது. நல்ல பதில் இல்லைதான், ஆனால் அதற்குமேல் ஒரு சொல் பேசவும் அவனுக்கு அங்கே உரிமை இல்லை.

பிறகு அண்ணன் மைக் முன்னால் வந்தார். வெகுநேரம் பேசினார். பல சொற்கள் மாட்டிக்கொண்டன. ஒருத்தரும் எடுத்துக்கொடுக்கவில்லை, ஒருத்தரும் கடிகாரம் பார்க்கவில்லை. வெளியே ஒரு சரக்கு ரயில் கடந்துபோனபோது அவரே நிறுத்தி, "இ... இ... இதுகூட என்னைவிட சீக்கிரம் முடிச்சிடுச்சு," என்றார். கொட்டகை அதிர்ந்தது. அந்தச் சிரிப்பைத் தம்பியும் சிரித்தான். சிரித்துவிட்டு, தனக்கு அந்தச் சிரிப்பில் பங்கு உண்டா என்று தெரியாமல் குனிந்துகொண்டான்.

அவர் நன்றி சொன்னவர்களில் எடைக்கல் இருந்தார், அண்ணி இருந்தாள், மகள் இருந்தாள். தம்பி இல்லை.

விழா முடிந்து இருவரும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். அலுவலகத்தில் கொடுத்த புதுப் பெட்டியைத் தம்பி தூக்கிக்கொண்டான். அண்ணியும் மகளும் முன்னால் போனார்கள். வெயில் இன்னும் தணியவில்லை.

"அங்க நீ நிறையப் பேசுவியாமே," என்றான் தம்பி. "என்கிட்ட மட்டும் ஏண்ணா பேசலை? கோபமா?"

"கோபம் மு... முதல்ல இருந்துச்சு. அப்புறம் போயிடுச்சு."

"அப்புறம்?"

"ப... ப... பயம்."

"என்கிட்டயா?"

"நான் வாயைத் தி... திறந்தா நீ என் உதட்டைப் பார்க்கிற. சி... சின்ன வயசுல உதவி பண்ணப் பார்த்த. அப்புறம் எ... எ... எடுத்துக்கப் பார்த்த. இப்பல்லாம் எ... என்னைப் பார்த்து வருத்தப்படப் பார்க்கிற. எப்பப் பார்த்தாலும் உ... உதட்டைத்தான் பார்க்கிற. எ... என்ன சொல்றேன்னு கேட்கலை."

"இப்பவும் பயமா இருக்கா?"

"இ... இப்பவும்தான்," என்றார் அண்ணன். ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

ஒரு மருந்துக்கடை, பூட்டிக் கிடந்த ஒரு வங்கி, பேருந்து நிறுத்தம் எல்லாம் கடந்து போயின. பெட்டியைக் கை மாற்றிக்கொண்ட தம்பி, பார்வையைச் சாலையின் மறுபக்கம் திருப்பிவைத்துக்கொண்டு கேட்டான்.

"அந்தக் கிளிக் கதை என்ன?"

அண்ணன் தயங்கினார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். பெட்டியில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தாராம் அந்த மனிதர். உயிரோடு இல்லாத கிளிக்கு ஓட்டை எதற்கு என்று கேட்டால், அது பொறந்ததிலிருந்து கூண்டில் இருந்தது, இருட்டு அதற்குப் பழக்கமில்லை என்றாராம். கதை மெதுவாகத்தான் போயிற்று. தம்பி எதிர்ப்பக்கச் சுவரையும் அதில் ஒட்டியிருந்த விளம்பரங்களையும் பார்த்தபடியே நடந்தான். எந்தச் சொல்லையும் முடித்துவைக்கவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு அண்ணன் சொல்வது என்ன என்பது அவன் காதில் விழுந்தது.

கிளியை எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்ட இடத்தில் அண்ணனுக்கு ஒரு எழுத்து சிக்கிக்கொண்டது. இதுவரை தம்பி கேட்டிராத மாதிரி, நுனியில் ஒரு சின்ன விசில் சத்தத்தோடு, நீளமாக இழுத்தது. அவன் தலையைத் திருப்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் தொண்டை, அவனைக் கேட்காமலே, சத்தமில்லாமல் அதை ஒரு தடவை செய்து பார்த்தது.

பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அண்ணனுக்குச் சொல் வந்துவிட்டது. கதை மேலே போயிற்று.